செங்கால் யாருக்கு?

வேங்கிக்கால்
9 ஜூன் 2025

அன்புள்ள ஹானிக்கு,

நான் நலம். நீ, உன் வீட்டுக்காரர் பாசில் பாய், உன் அம்மி எல்லாரும் நலமா? இப்படிக் கேட்டதற்கே கடிதத்தைக் கிழிக்கத் தோன்றும் உனக்கு. முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

பக்கத்து ஊருக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்புகிறாளே, இவளுக்கு என்ன கேடு என்று நினைப்பாய். போன் செய்தால், "எதிர்க்கட்சிக்காரிகிட்ட பேச எனக்கு நேரமில்ல" என்று வைத்துவிட்டாய். சரியாகப் பார்த்தால், கோபம் இல்லாத காலத்திலும் போனில் நீ என்னைப் பேசவிட்டதில்லை. கடிதத்தில் நீ குறுக்கே விழ முடியாது அல்லவா?

விஷயத்துக்கு வருகிறேன். "செங்கால்" என்ற பெயரை உன் விளையாட்டு உடைகளுக்கு டிரேட்மார்க்காகக் கேட்டு நீ விண்ணப்பம் போட்டாய். அதை எதிர்த்து எங்கள் ஜவ்வாது பல்கலைக்கழகம் மனு போட்டிருக்கிறது. அந்த மனுவுக்கு விவரமெல்லாம் எழுதிக் கொடுத்தது உடற்கல்வி இயக்குநரான நான்தான். வேறு யாரோ மேலிடத்தில் செய்தார்கள் என்று உன்னிடம் நடிக்க எனக்கு வராது.

அது நம் பெண்கள் கபடி டீமின் பெயர், ஹானி. நீ கேப்டனாக ரெய்டு போன டீம், நான் லெஃப்ட் கார்னரில் நின்ற டீம். நாம் படித்து முடித்து வந்த பிறகும் வருஷா வருஷம் புதுப் பெண்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். டிரேட்மார்க் உன் கம்பெனிக்குப் போனால், தங்கள் பெயரைத் தங்கள் நெஞ்சில் அச்சடிக்க அவர்கள் ஒரு கம்பெனியிடம் அனுமதி கேட்க வேண்டும். இன்றைக்கு அந்தக் கம்பெனி நீ. நாளைக்கு யாராவது பெரிய ஆள் வந்து உன்னிடமிருந்து வாங்கிவிட்டால்? அதைத்தான் யோசித்தேன்.

அடி அண்ணாமலையில் ஒரு தகரக் கொட்டகையில் ஆரம்பித்து, அந்த ஊர்ப் பெண்களுக்கே மெஷின் பழக்கி, இன்று சென்னைக் கடை வரைக்கும் சரக்குப் போகிற மாதிரி செய்திருக்கிறாய். கிரிவலப் பாதையில் ஓடும்போதெல்லாம் உன் யூனிட்டின் போர்டைக் காட்டி, "இது எங்க கேப்டனோடது" என்று என் பெண்களிடம் சொல்வேன். மனு போட்ட பிறகும் சொன்னேன்.

அம்மியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பதில் எழுது. திட்டியாவது எழுது.

அன்புடன்,
கவிநிலா


அடி அண்ணாமலை
14 ஜூன் 2025

எதிர்க்கட்சித் தலைவி கவிநிலா அம்மையார் அவர்களுக்கு,

உங்கள் ஸ்பீட் போஸ்ட் கிடைத்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கியபோது, "கோர்ட்டு நோட்டீஸாம்மா?" என்று கேட்டார். இல்லை, அதைவிட மோசம், சிநேகிதி எழுதியிருக்கிறாள் என்றேன்.

கவி, எனக்கு வயிறு எரிகிறது. நேராகவே கேட்கிறேன். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? கீழ்பென்னாத்தூர் மேட்ச்சில் நம்மிடம் ஷூ கிடையாது. செம்மண் கிரவுண்டில் வெறுங்காலில் ஆடியதைப் பார்த்து மைக் பிடித்த ஆள், "செங்கால் பொண்ணுங்க வராங்க, வழி விடுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீகூட மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாய். அந்தக் கேலியை எடுத்து, எங்கள் தையல் கடையில் உட்கார்ந்து, சிவப்பு நூலில் எல்லா ஜெர்ஸியிலும் தைத்தது யார்? அப்போது உங்கள் பல்கலைக்கழகம் எங்கே இருந்தது? மேட்ச்சுக்குப் போக ஒரு பஸ் கொடுக்கவில்லை. கோழி ஏற்றுகிற வேனில் போனோம். இன்றைக்கு அதே பல்கலைக்கழகம் சென்னை வக்கீல் வைத்து, "இது எங்கள் நெடுநாள் சொத்து" என்று எழுதுகிறது. அந்த வரியை நீதான் எழுதினாய் என்றால் உன் கை கூசவில்லையா?

எனக்கு இது பெருமைக்காக இல்லை. சென்னையில் ஒரு பெரிய கடைக்காரர் அவருடைய எல்லாக் கிளைக்கும் என் டிராக் பேண்ட், டீ ஷர்ட் எடுக்கத் தயாராக இருக்கிறார். ஒரே கண்டிஷன், பிராண்ட் பெயரில் வில்லங்கம் இருக்கக் கூடாதாம். இந்த ஆர்டரை நம்பித்தான் புதிதாகப் பெண்களைச் சேர்த்தேன். உன் மனு வந்ததும் அவர், "முதல்ல அதை முடிச்சிட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டார்.

உன் மனு கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் நான் பதில் போட வேண்டுமாம். போடுவேன். எங்கள் வக்கீல் இளஞ்செழியன் ரெடியாக இருக்கிறார்.

அம்மிக்கு முழங்கால் வலி கம்மிதான். உன்மேல் கோபம் ஜாஸ்தி. ஆனாலும் நீ ரம்ஜானுக்கு விட்டுப்போன டிபன் கேரியரைக் கழுவி எடுத்து வைத்திருக்கிறார், வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

இப்படிக்கு,
கோபம் தீராத
ஹானி


வேங்கிக்கால்
2 ஜூலை 2025

அன்புள்ள ஹானிக்கு,

"நெடுநாள் சொத்து" என்பது எங்கள் வக்கீல் அம்மா எழுதியது. நான் எழுதிக் கொடுத்தது, எந்தெந்த வருஷம் எந்தெந்தப் பெண்கள் ஆடினார்கள் என்பதுதான். முதல் வரியில் உன் பெயர்தான் இருக்கிறது, கேப்டன் உம்மே ஹானி என்று. போய்ப் பார். கோழி வேனையும் எழுதினேன். அதை அடித்துவிட்டார்கள்.

நீ சொன்னதில் பாதிக்கு மேல் நியாயம். அன்றைக்குப் பல்கலைக்கழகம் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சண்டை போடுவது அந்தக் கட்டிடத்துக்காக இல்லை, ஹானி. இப்போது சினேகா என்று ஒரு பெண் இருக்கிறாள். ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு மலைக் கிராமம். சேர்ந்த புதிதில் யார் என்ன கேட்டாலும் தரையைப் பார்ப்பாள். ஜெர்ஸி கொடுத்த அன்று அதைப் போட்டுக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனாள், மறுநாள் கிளாஸுக்கும் போனாள். "துவைக்கவாவது கழட்டுடி" என்று ரூமில் இருந்த பெண்கள் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது ரெய்டு போகும்போது அவள் பார்வையைப் பார்த்தால் எதிர் டீம் ஒரு அடி பின்னால் போகிறது. அவளுக்கு நீ யாரென்று தெரியாது, இளஞ்செழியனைத் தெரியாது. தன் டீமின் பெயர் செங்கால் என்பது மட்டும்தான் தெரியும்.

இனிமேல் நடந்ததைச் சொன்னால் சிரிப்பாய். எங்கள் பல்கலைக்கழகப் பதிவாளர் பயந்த மனிதர். வழக்கில் இருக்கிற பெயர், ஏதாவது வம்பு வந்துவிடப் போகிறது என்று, முடிவு வரும்வரை அதை மறைத்துவிட்டு ஆடச் சொல்லி உத்தரவு போட்டார். நெஞ்சுக்குக் குறுக்கே வெள்ளை டேப் ஒட்டிக்கொண்டு பிராக்டிஸ் செய்கிறார்கள். வேர்வையில் டேப் நிற்பதில்லை. பாதி ஆட்டத்தில் பிய்ந்து தொங்குகிறது, மறுபடி ஒட்டுகிறோம். எந்தப் பெயருக்காகச் சண்டை போடுகிறோமோ அதையே நாங்கள் மறைத்துக்கொண்டு திரிகிறோம். நான் போய்ப் பேசிப் பார்த்தேன். "ரூல் தெரியாம பேசாதீங்க மேடம்" என்றார்.

வரும் 13ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரில் மாவட்டப் போட்டி. உன்னைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. தகவலுக்காகச் சொன்னேன்.

அம்மியிடம் என் சலாம் சொல். கேரியர் அங்கேயே இருக்கட்டும். திரும்பி வர எனக்கு ஒரு சாக்கு வேண்டும்.

அன்புடன்,
கவி


அடி அண்ணாமலை
16 ஜூலை 2025

கவி,

வந்தேன்டி. கடைசி வரிசையில், பாசில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ பார்க்கவில்லை. நீ ஆடுகளத்தை விட்டுக் கண்ணை எடுத்தால்தானே!

டேப்பைப் பார்த்ததும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஏழு பெண்கள் நெஞ்சில் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு வரிசையாக வருகிறார்கள். எங்கள் முன்னால் இருந்த பையன்கள், "பேரில்லாத டீமு" என்று கத்தினார்கள். எனக்கு எழுந்து நாலு அறை விடலாம் போல இருந்தது. பாசில் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அப்புறம்தான் உறைத்தது, அந்தப் பிளாஸ்திரிக்கு நானும் ஒரு காரணம் என்று. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் சினேகா ரெய்டுக்கு இறங்கிவிட்டாள்.

யா அல்லா, என்ன ஆட்டம் அது! ஆனால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சினேகாவைவிட எனக்குப் பிடித்தது உன் டிஃபென்ஸ். நம் காலத்தில் நான் ரெய்டு போவேன், நீ கணுக்காலைப் பிடிப்பாய், மற்றவர்கள் நிற்பார்கள். உன் பெண்களில் ஒருத்தி காலைத் தொட்டதும் மற்றவர்கள் கண்ணால்கூடப் பேசிக்கொள்ளாமல் வந்து விழுகிறார்கள். நான் கேப்டனாக இருந்து ஜெயித்தேன். ஆனால் டீம் என்று ஒன்றை உண்டாக்கியவள் நீதான். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது, போ.

அப்புறம் அந்தக் காரியம் செய்தாயே! டேப் தொங்குகிறது, ஆடுகிறவர்கள் காலில் சிக்கும் என்று நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். புது டேப் கொண்டுவர ஒருவர் ஓடினார். நீ யாரையும் கேட்கவில்லை. மேடையில் உங்கள் பதிவாளர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு நகத்தால் கிளறி டேப்பை உரித்தாய். சினேகாவுக்கு உரித்ததும் அவள் குனிந்து பெயர் இருக்கிறதா என்று பார்த்தாள். நான் அழுதுவிட்டேன். பக்கத்து அம்மா, "உங்க பொண்ணாம்மா?" என்று கேட்டார்.

இதெல்லாம் சொன்னேன் என்பதற்காக நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதே. இளஞ்செழியன் ஒரு பாயிண்ட் பிடித்திருக்கிறார். செங்கால் என்று எழுதிய முதல் உடையே எங்கள் கடையில் நான் தைத்ததுதான். அதனால் உடையைப் பொறுத்தவரை முதலில் பயன்படுத்தியது நாங்கள்தான் என்று வாதாடலாமாம். நன்றாகவே நிற்கும் என்கிறார். உன் வக்கீல் அம்மாவிடம் சொல்லிக்கொள். பின்னாலிருந்து வந்து தொடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஹானி


வேங்கிக்கால்
29 ஜூலை 2025

அன்புள்ள ஹானிக்கு,

நீ வந்திருந்தாயா! எனக்குத் தெரிந்திருந்தால் கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். தெரியாததே நல்லது.

டேப்பை உரித்ததற்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். இதில் வேடிக்கை, வக்கீல் அம்மா விஷயத்தைக் கேள்விப்பட்டு, "பெயரை நீங்களே மறைத்தால் அது உங்களுக்கு வேண்டாம் என்று ஆகிவிடுமே" என்று பதிவாளரைப் போனில் பிடிபிடி என்று பிடித்திருக்கிறார். டேப் உத்தரவு போயிற்று. என் மெமோ மட்டும் ஃபைலிலேயே இருக்கிறது. இருக்கட்டும்.

உன் பாயிண்டை அவரிடம் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "முதல் ஜெர்ஸி யார் தைத்தது என்று உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்றார். "ஹானி தைத்தாள், அவங்க கடையில, நான் பக்கத்துல உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தேன்னு சொல்வேன்" என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நடந்தது நடந்ததுதான். அதனால் பல்கலைக்கழகம் தோற்றால் என் வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. பொய் சொல்வதைவிட அந்தப் பயம் பரவாயில்லை.

இப்போது நான் எழுத வந்தது வேறு. கெடு நெருங்கிவிட்டது, நீ இன்னும் எதிர்மனு போடவில்லை என்று வக்கீல் அம்மா சொன்னார். போடாவிட்டால் உன் விண்ணப்பம் தானாகவே கைவிடப்பட்டதாக ஆகிவிடுமாம். அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரே சந்தோஷம். நான் அன்றைக்கே இதை எழுத உட்கார்ந்தேன்.

ஹானி, மனுவைப் போடு. நம் பக்கம் நீ ஒருத்தி மட்டும் மிச்சமிருந்தபோது, எதிரே ஏழு பேர் நின்ற கோர்ட்டுக்குள் சிரித்துக்கொண்டே இறங்கியவள் நீ. மூன்று பேர் மேலே விழுந்து அமுக்கியும் விரலை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டாய். உன்னை மாதிரி ஒருத்தியை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை, பயிற்சி கொடுத்தும் உண்டாக்க முடியவில்லை. நீ இறங்காத மேட்ச்சில் ஜெயித்தேன் என்று நான் எந்த முகத்தோடு கிரவுண்டுக்குப் போவேன்? எதிர்த்து வா. வந்து தோற்றுப்போ, இல்லை ஜெயி.

பதிலுக்குக் காத்திருக்கும்,
கவி


வேங்கிக்கால்
7 ஆகஸ்ட் 2025

ஹானி,

கெடு முடிந்துவிட்டது. கடிதமும் இல்லை, மனுவும் இல்லை. உடம்பு சரியில்லையா? அம்மிக்கு ஏதாவதா? பௌர்ணமிக் கூட்டத்துக்கு ரோட்டை அடைக்கப் போகிறார்கள், இல்லாவிட்டால் நேரிலேயே வந்திருப்பேன். ஒரு வரி எழுது.

கவி


அடி அண்ணாமலை
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கவிக்கு,

பயப்படாதே. எல்லாரும் நன்றாக இருக்கிறோம்.

எதிர்மனு ரெடியாகத்தான் இருந்தது. இளஞ்செழியன் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார். எல்லாம் சரியாக இருந்தது, தையல் கடை, சிவப்பு நூல் எல்லாம். நடுவில் ஒரு வரி: "இந்தப் பெயருக்கும் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை." இதை எடுத்துவிடுங்கள் என்றேன். "அது இல்லன்னா மனுவே நிக்காதும்மா, எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க" என்றார். பேனாவைத் திறந்தேன். சினேகா குனிந்து பார்த்தாளே, அந்த முகம் வந்து நின்றது. மூடி வைத்துவிட்டேன். மறுநாள் திறந்தேன், அன்றும் முடியவில்லை. அப்படியே கெடு போய்விட்டது.

நீ எழுதியது நியாயம்தான். இறங்கி ஆடாமல் போனவள் என்றுதான் நீ என்னை நினைப்பாய் என்று ஒரு வாரம் மருகினேன். ஆனால் கவி, எதிரே நிற்பது என் டீம். அவர்களை யாரென்றே தெரியாது என்று சத்தியம் பண்ணிவிட்டு நான் எந்தக் கோட்டைத் தொடுவது?

நஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சென்னைக்காரர் வேறு ஆளிடம் போய்விட்டார். புதிதாகச் சேர்த்த பெண்களைத் தீபாவளி வரைக்கும் வீட்டில் இருக்கச் சொன்னேன். அவர்களில் ஜோதியம்மாள் என்று ஒருத்தி, "பரவால்லக்கா, கூப்பிடுங்க வரேன்" என்று சொல்லிவிட்டு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். அது இன்னும் உறுத்துகிறது. பாசில் மூன்று நாள் சரியாகப் பேசவில்லை. நேற்றுத்தான், "சரி, வேற பேர் யோசி" என்றார்.

யோசித்துவிட்டேன். "கவிநிலா". ஸ்போர்ட்ஸ் உடைக்கு அழகான பெயர். உயிரோடு இருப்பவர் பெயரை வைக்க வேண்டுமானால் அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டியிருக்கும் என்கிறார் இளஞ்செழியன். நீ உயிரோடு இருந்து எத்தனை தொல்லை கொடுக்கிறாய் பார். சம்மதத் தாள் உள்ளே வைத்திருக்கிறேன். மறுபேச்சு பேசாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பு. என் வாழ்க்கையில் நான் பார்த்தவர்களில் நேர்மையானவள் நீ. அந்தப் பெயரில் ஒரு சட்டை தைத்தால் தையல் கோணாது.

அன்புடன்,
ஹானி


வேங்கிக்கால்
18 ஆகஸ்ட் 2025

என் அன்புள்ள ஹானிக்கு,

பல்கலைக்கழகத்தில் மைசூர்பாகு கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். பெயர் என் பெண்களிடமே இருந்துவிட்டது என்று சந்தோஷமாகத்தான் இருந்தது, உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? அப்புறம் உன் கடிதம் வந்தது. ஸ்டோர் ரூமில் மேட் சுருட்டி வைத்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து படித்தேன், அங்கேயே அழுதேன். இறங்காமல் போனவள் என்று நினைக்கவில்லை. உன்னைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் கம்மி என்றுதான் நினைத்தேன்.

ஜோதியம்மாளை நீ திரும்பக் கூப்பிட ஏதாவது வழி உண்டா என்று பார்த்தேன். என்னால் ஆனது ஒன்றே ஒன்று. எங்கள் எல்லா விளையாட்டு அணிகளுக்கும் புது உடை வாங்க அடுத்த மாதம் விலைப்புள்ளி கேட்கிறோம். நீயும் போடு. உனக்காக நான் ஒரு வார்த்தை சிபாரிசு செய்ய மாட்டேன். உன் சரக்குக்கு அது தேவையும் இல்லை.

உன் சம்மதத் தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன். திட்டாதே. முதல் பெயரையும் எதிர்த்தேன், இதையும் எதிர்க்கிறேன், என் பிழைப்பு இப்படி ஆகிவிட்டது.

உம்மே ஹானி என்று வை. உன் பெயரையே வை. செங்கால் என்றும் கவிநிலா என்றும் அடுத்தவர் பெயருக்குப் பின்னால் ஏன் நிற்கிறாய்? நீ ரெய்டுக்கு இறங்கும்போது கீழ்பென்னாத்தூர்க் கிரவுண்டு முழுக்க, மைக் பிடித்த அந்த ஆள் உட்பட, "ஹானி, ஹானி" என்று கத்தியது உனக்குக் கேட்டிருக்காது. நீ கபடி கபடி என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டிருந்தாய். கார்னரில் நின்ற எனக்குக் கேட்டது. என் தொண்டையும் அன்றைக்குக் கட்டிப்போயிற்று.

அந்தப் பெயரை யாராவது எதிர்த்தால் சொல். எந்த ஆபீஸாக இருந்தாலும் சாட்சி சொல்ல நான் வருகிறேன்.

என்றும் உன்,
கவிநிலா